விருத்தாசலம் வரை கத்திய வைப்பர்

மதியம் இரண்டு மணிக்குப் புதுச்சேரியில் மருத்துவமனை வாசலிலிருந்து காரை எடுத்தேன். இதயத்தில் அறுவை சிகிச்சை முடிந்த என் வீட்டுக்காரரைத் திட்டக்குடிக்கு அழைத்துப் போகிறேன். நூற்றுப் பத்து கிலோமீட்டருக்குக் குறையாது. இத்தனை வருடமும் வண்டி ஓட்டியவர் அவர். பக்கத்தில் உட்கார்ந்து குறை சொன்னவள் நான். இப்போது இடம் மாறிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவரும் சரியாகத் தூங்கவில்லை, நாற்காலியில் கிடந்த நானும் தூங்கவில்லை. வண்டியிலாவது அவர் கண் அசரட்டும் என்பதுதான் என் ஒரே எண்ணம்.

கடலூர் தாண்டியதும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட்டேன். கிறீச் என்றது. கண்ணை மூடியிருந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வடலூர், நெய்வேலி, மந்தாரக்குப்பம் என்று ஊர்கள்தான் மாறின. வேகத்தைக் கூட்டினால் அடிக்கடி கத்தியது, குறைத்தால் நீளமாகக் கத்தியது, நிறுத்தினால் சாலை தெரியவில்லை. தையல் போட்ட நெஞ்சோடு தலையணையை அணைத்துக்கொண்டு ஒவ்வொரு கத்தலுக்கும் முகம் சுளித்தார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலத்தை நெருங்கும்போது வெள்ளை மண் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போனது. "பீங்கான் மண்ணு தூசிதான் கண்ணாடியில ஒட்டிக்கிச்சு" என்று பழியை ஊர்மேல் போட்டேன்.

"லாரி இப்பதான் வந்துச்சு. இது கடலூர்லேர்ந்து கத்துது" என்றார். நெஞ்சைத் திறந்து மூடியும் வாய் அப்படியேதான் இருந்தது.

நாலரை மணி இருக்கும். விருத்தாசலம் பாலக்கரை அருகே ஒரு மெக்கானிக் கடையின் தகரக் கூரைக்குக் கீழே வண்டியை விட்டேன். கடைக்காரர் மங்கலம்பேட்டைக்காரர்; பாய் என்றே கூப்பிட்டேன். ரப்பர் காய்ந்துவிட்டது என்று பிளேடு இரண்டையும் மாற்றினார், நானூறு ரூபாய். வாளித் தண்ணீரை ஊற்றி ஓட்டிப் பார்த்தோம். கத்தியது. வைப்பர் கம்பியைக் கொஞ்சம் வளைத்தார். அப்போதும் கத்தியது. பக்கத்துக் கடையில் பீங்கான் பொம்மைகளுக்கு நடுவே ஊறுகாய் ஜாடிகளை அடுக்கியிருந்தார்கள். இனி ஊறுகாயே கூடாது என்று டாக்டர் கண்டித்து அனுப்பிய மனுஷர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கவனிக்காதது போல இருந்தேன்.

பாய் மறுபடியும் ஸ்பேனரை எடுத்தபோது என் வீட்டுக்காரர் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். "பாய், என் பக்கம் வர்றப்ப மட்டுந்தான் கத்துது. முன் கண்ணாடியில அப்பியிருக்குற அந்தக் கருப்பத் தொடைச்சிப் பாருங்க."

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "வந்தப்பவே பாத்தங்க. சாமி பொட்டாட்டம் இருக்குது. நான் எப்படிங்க கை வைக்கிறது? அதான் வேற வழியில சரி பண்ணிடலாம்னு பாத்தேன்."

எனக்கு முகம் சூடேறியது. ஆபரேஷன் அன்று காலையில் அவர் ஆயுளுக்காகக் கோயிலில் ஹோமம் செய்தேன். ஹோமச் சாம்பலை நெய்யில் குழைத்து ரட்சை என்று தந்தார்கள். அவர் நெற்றியில் வைத்தது போக மிச்சத்தை, அவர் உட்காரும் பக்கத்து முன் கண்ணாடியில் கட்டைவிரலால் அழுத்தி அப்பியவள் நான்தான். அந்த நெய்யைத்தான் வைப்பர் இழுத்து இழுத்துப் பூசியிருக்கிறது.

பாய் பெட்டிக்கடையிலிருந்து ஷாம்பு பாக்கெட்டும் பழைய பேப்பரும் வாங்கிவந்து கொடுத்தார். "நீங்களே தொடைச்சிடுங்கம்மா."

பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இதைத் துடைத்துவிட்டு மிச்சமிருக்கும் முப்பது கிலோமீட்டரை எப்படிப் போவது? சிரிக்காதீர்கள், என் இடத்தில் நீங்களும் நின்றிருப்பீர்கள்.

"அதான் பொழைச்சி வந்துட்டன்ல? அது வேலை முடிஞ்சிடுச்சி. தொடை" என்றார் அவர்.

துடைத்தேன். வைப்பர் சத்தமே இல்லாமல் போய்த் திரும்பியது.

பெண்ணாடம் வருமுன்பே அவர் தூங்கிவிட்டார். இதற்குத்தானே இத்தனை பாடும்? ஆனால் அந்த அமைதி எனக்கு ஆகவில்லை. மழை விட்டிருந்ததால் வைப்பரை நிறுத்தியிருந்தேன். அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று சாலையையும் பார்த்துக்கொண்டு எப்படிப் பார்ப்பது? எழுப்பவும் மனம் வரவில்லை, பயமும் போகவில்லை. காய்ந்த கண்ணாடிமேல் வைப்பரை ஒரு தடவை போட்டேன். கிறீச் என்றது.

"மழையே இல்ல, எதுக்குடி போடற?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"தெரியாம கை பட்டுடிச்சிங்க" என்றேன்.

திட்டக்குடி போய்ச் சேர்வதற்குள் இன்னும் இரண்டு தடவை கை பட்டது.