டாக்டர் சிவக்கொழுந்து பார்க்காத முகம்

சேந்தமங்கலம் சந்தையில் புளி விலை கேட்டுக்கொண்டிருந்தேன். பஸ் கிளீனர் ஓடிவந்து, "கம்பவுண்டரய்யா, நம்ம டாக்டர் எறந்துட்டாருங்க" என்றான். "சும்மா உளறாதே" என்று அவனைத்தான் அதட்டினேன். பிறகு புளியை அங்கேயே போட்டுவிட்டு நடந்தேன். டாக்டர் சிவக்கொழுந்து அவர்களிடம் இருபது வருஷம் மருந்து கலக்கியவன் நான். கைராசிக்காரர் என்று ஊரார் சொல்லி முடித்துவிடுவார்கள். அது எனக்குப் பொறுக்காது.

கொல்லிமலையில் காய்ச்சல் பரவிய வருஷம், கொயினா மாத்திரைப் பெட்டியோடு மலைமேல் அரியூர் நாட்டுக்கு ஏறினோம். அவருக்கு டோலி அமர்த்தியிருந்தார்கள். சிறிது தூரத்தில் இறங்கி நடந்தார். நடப்பதோடு விடுவாரா? பாடம் ஆரம்பித்துவிட்டார்.

"ஏறும்போது குதிகாலைத் தூக்குவது கெண்டைக்கால் சதை. உடம்பை மேலே தள்ளுவது பிட்டத்துச் சதை. இறங்கும்போது பாருமையா, முன்தொடைதான் எடையைத் தாங்கும். முதுகெலும்புக்கு இருபுறமும் நீளச் சதைகள் இல்லாவிட்டால் சுமைக்காரர் முன்னால் கவிழ்ந்துவிடுவார்."

எனக்கு மூச்சே வரவில்லை, இவருக்குப் பாடம் வருகிறது!

திடீரென்று பாடம் நின்றது. வெறும் டோலியோடு முன்னால் போன சுமைக்காரர் சடையனின் காலையே பார்த்தார். குதிகால் நரம்பை ஒட்டி உள்பக்கத்தில், இரண்டு காலிலும், எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைப்பு. அடிவைக்கும்போதெல்லாம் இறுகித் தளர்ந்தது. கட்டியல்ல, சதை. கெண்டைக்கால் சதை மேலேயே முடிந்து நரம்பாகிவிடும். அபூர்வமாய்ச் சிலருக்கு மட்டும் தனியாக ஒரு சதை குதியெலும்புவரை இறங்குமாம்.

"இது எப்போதிருந்து?" என்று கேட்டார்.

"பொறந்ததுல இருந்தே உண்டுங்க. எங்கண்ணனுக்கு இதவிடப் பெருசுங்க. மெட்ராசுக்கு மூட்டை தூக்கப் போனாருங்க. வரவே இல்லீங்க."

டாக்டர் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். சடையன் தண்ணீர் எடுக்கப் போனபோது என்னிடம் சொன்னார். மெட்ராசில் படிக்கையில், கேட்பாரற்ற ஒரு பிணம் குப்புறக் கிடந்தது. அறுத்துப் படிக்க முதுகும் கால்களும் இவர் பங்கு. தோளில் சுமைத் தழும்பு. இரு குதிகாலிலும் இதே சதை. "வாத்தியார் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். நான் பெருமைப்பட்டேனையா, பெருமைப்பட்டேன்!"

வாயை மூடிக்கொண்டு இறங்கிவிடுவோம், வெட்டிப்போட்டுவிடுவார்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. சடையனின் அண்ணி வெள்ளையம்மாளுக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். புருஷன் செத்தது உறுதியானால் வேறொருவருக்குக் கட்டிவைக்க ஊரார் காத்திருந்தார்கள். அந்த அம்மாளோ புருஷனுக்காகக் காத்திருந்தார். டாக்டர் அவர் முன் நின்று எல்லாவற்றையும் சொன்னார், தாமே அறுத்ததையும் சேர்த்து.

வெள்ளையம்மாள் அழவில்லை. "மூஞ்சி எப்பிடிங்க இருந்துச்சு? மோவாயில வெட்டுத் தழும்பு இருந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"முகத்தில் ஈரத்துணி சுற்றியிருந்ததம்மா. நான் விலக்கிப் பார்க்கவில்லை."

"அத்தன நாளு கூடவே இருந்தும் பாக்கலீங்களா? அப்ப அவருதான்னு எப்பிடிங்க நம்பறது? மூஞ்சியப் பாத்தவங்க வந்து சொல்லட்டுங்க. அப்பத் தாலியக் கழட்டறனுங்க."

உடன் படித்தவர்களுக்கெல்லாம் டாக்டர் எழுதிக் கேட்டார். ஒருவருக்கும் அந்த முகம் நினைவில்லை. அதன்பின் அவர் இந்த மலையடிவாரத்தை விட்டு மாறுதல் வாங்கவேயில்லை. காலில் புண்ணென்று வந்தாலும் முதலில் முகத்தைத்தான் பார்ப்பார். அந்தப் பார்வையில் நோயாளி மிரண்டுபோவார். "கனவில் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருக்கிறாரையா. கூப்பிட்டால் அந்த நீளச் சதைகள் அசைகின்றன. திரும்பத்தான் மாட்டேனென்கிறார்" என்று பட்டப்பகலில், சீட்டு எழுதிக்கொண்டே சொல்வார். அவர் சொன்ன அந்த முதுகு இப்போது என் கனவிலும் வருகிறது.

நேற்று பாடையைத் தூக்கிவிட்டோம். தெருமுனையிலிருந்து ஒரு குரல்: "எறக்குங்க சாமி! நானு மூஞ்சி பாக்கோணும்!"

வெள்ளையம்மாள். தலை நரைத்துவிட்டது, கழுத்தில் தாலி இருந்தது. மலையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். இறக்கினோம். முகத்தை மறைத்த மாலைகளை அவரே ஒதுக்கினார். நெற்றி, கண், மோவாய் என்று ஒன்றையும் விடாமல் வெகுநேரம் பார்த்தார். அவசரப்படுத்த எங்களில் யாருக்கும் தைரியமில்லை.

"பாத்துட்டனுங்க" என்றார் டாக்டரிடம். "நீங்க எறந்துட்டீங்களான்னு இனி யாரு வந்து கேட்டாலும், நாஞ் சொல்லுவேனுங்க."

போய் வாருங்கள், ஐயா.