தனக்குத்தானே மாலை போட்டுக்கொள்பவன்

தஞ்சாவூரில் என் சிற்பக் கண்காட்சி இன்றோடு முடிந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் வரை ஒன்றுகூட விற்கவில்லை.

நடுவில் வைத்திருந்தது ஃபைபரில் செய்த ஓர் ஆள். தலை பெரிய பூசணிக்காய் போல வீங்கியிருக்கும், கால்கள் குச்சி. தன் கழுத்தில் தானே மாலை போட்டுக்கொண்டு இளிப்பான். அகங்காரத்தைக் கேலி செய்ய வேறு யார் முகத்தையும் வைக்கத் தைரியமில்லாமல் என் முகத்தையே வைத்திருந்தேன்.

மூடுகிற நேரத்தில் மயிலாடுதுறைக்காரர் ஒருவர் வந்தார். அதன் முன்னால் மட்டும் வெகுநேரம் நின்றார். ஒருவருக்காவது புரிந்ததே என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"இது என்ன விலைங்க? புது வீடு கட்டிட்டிருக்கேன். திருஷ்டி பொம்மையா மாடியில தொங்கவிடணும்."

"இது நம்ம அகங்காரத்தைப் பத்தின சிற்பம்ங்க," என்றேன்.

அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார்.

"உங்க மூஞ்சிதானே?"

"ஆமாங்க."

"அப்ப கண்டிப்பா வேலை செய்யும்ங்க."

அவர் குரலில் கேலியே இல்லை.

கொடுத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் என் கலையால் ஒரு பயன் உண்டு என்று நம்பிச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

உங்களில் யாராவது வீடு கட்டினால் சொல்லுங்கள். அச்சு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.