அம்மாவின் முக்காலி

அம்மா சட்டை ஆலையில் தையல் சரிபார்ப்பவள். கூடத்தின் இரு முனைகளிலும் பஞ்சுத்தூசியை இழுக்கும் பெரிய மின்விசிறிகள். ஒரு மோட்டார் மிச்சமாகட்டும் என்று மேற்பார்வையாளர் இரண்டையும் ஒரே தண்டில் பெல்ட் மாட்டி ஓட்டினார்.

"ரெண்டும் கைகோத்துக்கிட்டு என் தலையிலதான் கத்துது," என்பாள். "ஒரு முழம் தள்ளினா சத்தமே இல்ல."

முக்காலியைத் தள்ளிப் போட்டாள். மேற்பார்வையாளர் அதைப் பழைய இடத்திலேயே தரையோடு போல்ட் போட்டு இறுக்கினார்.

"உங்களுக்கு மட்டும் தனியா ஊதுதாக்கும்? போய்க் காதைக் காட்டுங்கம்மா."

கூடமே சிரித்தது. 'செவிட்டக்கா' என்று பெயர் வந்தது. பெயருக்குப் பின்னால் காதும் போனது. போன மாதம், முதுகுக்குப் பின்னால் வந்த சரக்கு வண்டியின் ஹாரன் அவளுக்குக் கேட்கவில்லை. செத்துப்போனாள்.

காது கேளாததை மறைத்து வேலை பார்த்தாள், தவறு அவளுடையது என்று மேற்பார்வையாளர் அறிக்கை எழுதினார். விசாரிக்க வரும் தொழிற்சாலை ஆய்வு அதிகாரி கையெழுத்திட்டால் அதுவே முடிவு.

இயந்திரங்களின் அதிர்வைச் சரிசெய்வது என் தொழில். விசாரணை நாளில் போனேன். அதிகாரி வாசலில் நின்று ஒலிமானியைப் பார்த்து, "அளவுக்குள்ளதான் இருக்கு," என்றார்.

இருக்கும். அதிர்வெண் ஒன்றாக இருந்து, ஒன்றுக்கொன்று முந்திப் பிந்தும் அளவான கட்ட வேறுபாடும் மாறாமல் இருந்தால், இரண்டு ஒலி அலைகள் சேரும் விதம் இடத்துக்கு இடம் நிலைத்துவிடும். ஒன்றின் முகடும் மற்றதன் அகடும் சந்திக்கும் இடம் அடங்கிக் கிடக்கும். வாசல் அப்படி. முகடும் முகடும் சந்திக்கும் இடம் அலறும். தனித்தனி மோட்டார் என்றால் வேகம் சற்றே பிசகும், எந்த இடமும் நிலைக்காது. ஒரே தண்டு அந்தப் பிசகுக்கு வழி விடவில்லை.

"சார், அம்மா இடத்துல கொஞ்சம் உக்காருங்க. அங்க அளந்து பாக்கட்டும்," என்றேன் மேற்பார்வையாளரிடம்.

அதிகாரி தலையசைத்தார். மேற்பார்வையாளர் உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேல் அதிகாரி பிடித்த ஒலிமானியில் எண் ஏறிக்கொண்டே போனது. அவர் முகம் சுருங்கியது. நான் சாதாரணக் குரலில் பேசினேன்.

"என்ன? கேக்கல."

குனிந்து, அவர் காதருகே கேட்டேன். "எப்போலருந்து சார் கேக்கல? மறைச்சுதான் வேலைக்கு வந்தீங்களா?"

தையல் மேசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"ஒரு முழம் தள்ளி உக்காந்துக்கறேன்," என்று முக்காலியை இழுத்தார். அசையவில்லை.

"போல்ட் போட்டிருக்கு சார். நீங்கதான் போட்டீங்க."

அதிகாரி அறிக்கையை மடித்தார், கையெழுத்திடவில்லை. "இன்னும் கொஞ்சம் உக்காருங்க, திரும்ப அளக்கணும்," என்றார் மேற்பார்வையாளரிடம்.

ஸ்பேனர் என் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.