வாயைக் கட்டிய ஸ்கிரிப்ட்

குடிநீர் வாரியத்தின் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு டேப் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. நீரேற்று நிலையங்களின் நீளநீளமான பெயர்களை அங்கே யாரும் முழுக்கத் தட்டுவதில்லை. முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியைக் கணினியே நிரப்பிவிடும். அதற்கான ஸ்கிரிப்டை, அதாவது சின்ன நிரலை, அவள் பம்புகளை இயக்கும் பம்ப் அண்ணனுக்காக எழுதினாள். வாதம் வந்து வலக்கை விழுந்த பிறகு, இடக்கையின் இரண்டு விரலால் அவர் பம்புகளை ஓட்டியது அந்த விசையின் தயவில்.

புதுக் கணினிகள் வந்ததும், அழுத்தினாலும் எதையும் நிரப்பாமல் டேப் ஊமைக்கோட்டான் ஆனது. மற்றவர்கள் முணுமுணுத்தபடி முழுப் பெயரையும் தட்டிக்கொண்டார்கள். அண்ணனால் முடியவில்லை. மாலைக்குள் சரியாகாவிட்டால் அவரை வாசல் காவலுக்கு மாற்றப்போவதாக மேற்பார்வையாளர் சொல்லிவிட்டுப் போனார்.

காலையிலிருந்து அக்கா தன் இருக்கையில் ஸ்கிரிப்டின் நிபந்தனை வரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். அடைப்புக்குறிக்கு இருபுறமும் இருக்க வேண்டிய இடைவெளி இருந்தது. அவள் கணினியில் எல்லாம் ஓடியது. சாப்பாட்டு டப்பா திறக்கப்படவில்லை. கண் எரிந்தது. கணினியில்தான் கோளாறு என்று சொல்லிக் கைகழுவிவிடலாமா என்றுகூட இருந்தது.

"என்கிட்ட ஓடுதுண்ணே," என்றாள், மறுபடியும்.

"உன்கிட்ட ஓடினா போதும்னா என் பம்பையும் நீயே ஓட்டிடும்மா." அவர் சிரிக்கவில்லை. "இங்க வந்து உக்காரு. நான் நிக்கிறேன்."

அவருடைய நாற்காலியில், அவர் கணினிக்குள் நுழையும் கணக்கிலேயே பார்த்தாள். ஸ்கிரிப்டின் கடைசியில் பிழைச் செய்திகளைக் குப்பைக்கு அனுப்பும் ஒரு துண்டு இருந்தது. பம்ப் அளவுகளுக்கு நடுவே அவை வந்து விழுவது எரிச்சலாக இருக்கிறதென்று என்றோ அவளே போட்டது. அதை நீக்கிவிட்டு டேப்பை அழுத்தினாள். சமக்குறி என்றொரு கட்டளையைக் காணோம் என்று திரை முனகியது.

அவள் தன் பழைய கணக்கை அப்படியே கொண்டுவந்திருந்தாள். மற்றவர்களுக்குத் திறந்த புதுக் கணக்குகளிலோ கட்டளைகளை நடத்தும் ஷெல் வேறு. நிபந்தனைக்குள் இரட்டைச் சமக்குறி போட்டால் பழைய ஷெல் பொறுத்துக்கொள்ளும். புதியது இரண்டாவதை ஒரு கட்டளையின் பெயராக எடுத்துக்கொண்டு, தேடிக் கிடைக்காமல் நின்றுவிடும். ஒற்றைக் குறி இரண்டுக்கும் பொது. இருந்த இடமெல்லாம் ஒன்றை எடுத்தாள்.

"புதுசு வந்த நாள்லேருந்து கத்திக்கிட்டுதான் இருந்திருக்கு. நான்தான் வாயைக் கட்டி வச்சிருக்கேன்."

"வீட்லயும் இப்படித்தானா?" என்றார் அண்ணன்.

மாலையில் மேற்பார்வையாளர் வந்து அண்ணனின் முதுகுக்குப் பின்னால் நின்றார். அண்ணன் சில எழுத்துகளைத் தட்டி டேப்பை அழுத்தினார். பெயர் ஓடி நிரம்பியது, பம்ப் கிளம்பியது, திரையில் அழுத்தம் ஏறியது. நாளைக்கும் இப்படியே ஓடணும் என்று சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் நகர்ந்தார்.

குப்பைக்கு அனுப்பும் துண்டை அக்கா திரும்பப் போடவில்லை. மறுநாள் காலையிலேயே, திரையில் என்னென்னவோ வருகிறதென்று இரண்டு மேசைகளிலிருந்து கூப்பிட்டார்கள். என்கிட்ட வரலையே என்று சொல்ல வாயெடுத்தவள், எழுந்து அவர்கள் நாற்காலிக்குப் போனாள்.