காத்திருந்தால் காசில்லை

காலை ஏழு மணிக்கு இருபத்தாறு வீடுகளில் என் குரல் கேட்கும். அந்நேரம் நான் பல்கூட விளக்கியிருக்க மாட்டேன். கூலாய் டவுனில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். அங்கே ஒரு மத்தியானம் காற்றாடியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பதிவுசெய்த குரல் அது. "வணக்கம். இன்னைக்கு உங்களுக்கு ரத்தம் கழுவுற நாள். வேன் வரும். நீங்க வர்றீங்கன்னா ஒன்னாம் நம்பர அமுக்குங்க." தமிழிலும் மலாயிலும் நான் சொன்னேன், சீனத்தில் பாஸ் சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டால் கடன் வசூலிக்க வந்தவர் மாதிரி இருக்கும்.

சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு வாரம் மூன்று தடவை ரத்தம் கழுவும் தர்ம நிலையம் ஒன்று கூலாயில் இருக்கிறது. நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றிவர அவர்களிடம் வேன்கள் உண்டு. யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று காலையில் போன் போட்டுக் கேட்டு, ஓட்டுநருக்குப் பட்டியல் அனுப்பும் வேலை எங்களுக்கு வந்தது. பாஸ் அதைத் தூக்கி என் தலையில் கட்டினார். செனாயில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு, அதை மூடிய பிறகு நாற்பத்தாறு வயதில் கம்ப்யூட்டர் படித்து வந்தவள் நான். எதைத் தலையில் கட்டினாலும் சுமப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

இந்த வேலைக்கு நாங்கள் சொந்தமாக மிஷின் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. எங்கேயோ இருக்கும் பெரிய கம்பெனியின் மிஷினில், கிளவுட் என்கிறார்களே, அதில் ஓடுகிறது. முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மாத வாடகை கிடையாது. எத்தனை ஸ்டெப் ஓடியதோ அத்தனைக்குக் காசு. போன் போடுகிற மாதிரி வெளியே போய்ச் செய்யும் ஸ்டெப்புக்குக் கொஞ்சம் கூட, உள்ளுக்குள்ளே செய்வதற்குக் கொஞ்சம் குறைவு. ஒரு தடவை தோற்றுப்போய் மறுபடி செய்தால் அதுவும் ஒரு கணக்கு. ஒவ்வொரு மாதமும் முதலில் ஓடும் சில ஆயிரம் ஸ்டெப்புகள் சும்மா. அதைத் தாண்டினாலும் ஒரு ஸ்டெப்புக்கு ஒரு சென் காசில் தூசி அளவுதான் போகும். தூசிதானே என்று நானும் இருந்துவிட்டேன்.

மூன்றாவது மாத பில் வந்தது. பாஸ் தாளை என் மேசையில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கக் கீழே போய்விட்டார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். தாளைத் திருப்பி அடியில் இருந்த தொகையைப் பார்த்தேன். பண்டார் தெங்காராவுக்குப் போய்வரும் வேன் ஒரு மாதத்துக்குக் குடிக்கும் டீசல் காசு கிட்டத்தட்ட அதில் இருந்தது.

அந்த வேனை நான் சும்மா சொல்லவில்லை. பில்லைக் கட்டுவது நிலையம்தான், அதன் கமிட்டியும் அதே கணக்கைத்தான் போட்டது. ஒன்று பில் குறைய வேண்டும், இல்லையென்றால் பண்டார் தெங்காரா வேனை நிறுத்த வேண்டும், ஒரு மாதம் தவணை என்றார்கள். அந்த வழியில் வருபவர்கள் மூன்று பேர். இரண்டு பேருக்குச் சொந்தக் காடி ஓட்டும் பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தார்கள். மூன்றாவது ஒரு அக்கா. புருஷன் இல்லை, மகன் சிங்கப்பூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி அவ்வளவு தூரம் வாடகைக் காடியில் வாரம் மூன்று தடவை வந்துபோக அவரால் முடியாது. ரத்தம் கழுவாமல் எத்தனை நாள் தாங்கும் என்று அந்த நிலையத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும்.

பில்லைக் குடைந்து பார்த்தேன். போன் போட்ட பிறகு பதில் வந்ததா என்று ஐந்து விநாடிக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தேன். வந்துச்சா, வரலை. வந்துச்சா, வரலை. ஒவ்வொரு எட்டிப் பார்த்தலும் மூன்று ஸ்டெப். அதோடு கால் மணிக்கு ஒரு தடவை மறுபடியும் போன். ஐந்து தடவை போட்டும் பதில் இல்லையென்றால் ஓட்டுநருக்கு, "வீட்டுக்குப் போய்ப் பார்" என்று செய்தி. இதெல்லாம் பதில் சொல்லாத ஒருவர் இரண்டு பேருக்காக எழுதியது. ஆனால் இருபத்தாறு பேரில் இருபது பேர் பதிலே சொல்லவில்லை. எல்லோரும் ஒழுங்காக வேனில் ஏறி வந்தார்கள், ஒன்றை மட்டும் அமுக்கவில்லை. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

நேரே நிலையத்துக்குப் போனேன். ஜன்னலோர நாற்காலியில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்த அக்கா சாய்ந்திருந்தார். கையிலிருந்து குழாய் மிஷினுக்குப் போனது. நான் பேச ஆரம்பித்ததும் அவர் கண்ணைத் திறந்து, "அட, நீயா அது! காலையில காலையில உசுர வாங்குறது நீதானா?" என்றார்.

"ஆமாக்கா. நீங்க ஏன் ஒன்னு அமுக்க மாட்டேங்கிறீங்க?"

"ஐயோ, ஒன்னு அமுக்குறதா? எவன் போன் போட்டாலும் ஒன்னு அமுக்கு, ரெண்டு அமுக்குன்னுதான சொல்றான். பக்கத்து வீட்டுல அமுக்கித்தான் பேங்க்ல உள்ளத எல்லாம் எவனோ வழிச்சிட்டுப் போயிட்டான். நான் கட் பண்ணிட்டு உனக்கு மிஸ்ட் கால் குடுக்குறேனே, பாக்கலயா?"

"மிஸ்ட் காலா?"

"ஆமா லா. எல்லாரும் அதான் குடுக்குறோம். நீ என்னடான்னா மறுபடி மறுபடி அடிக்கிற. ஒரே கேள்விய எத்தன தடவடி கேப்ப? வர்றேன்னு சொன்னா நம்ப மாட்டியா?"

சுற்றி இருந்த நாற்காலிகளில் சிரித்தார்கள். ஒரு சீனப் பாட்டி கூட தன் போனைத் தூக்கிக் காட்டி, தானும் அப்படித்தான் என்று தலையாட்டினார். எனக்கு நல்ல மூக்குடைப்பு. தினமும் இருபது பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள், அதைக் கேட்கும் காது என் மிஷினுக்கு இல்லை.

தன் வேன் ஓட்டுநரைப் பற்றியும் அக்காவே சொன்னார். அவர் ஒரு மலாய்க்காரர், அக்கா குடியிருக்கும் தாமானிலேயே, அதே வீட்டு வரிசையில், கடைசி வீட்டில் இருக்கிறார், வேனையும் அங்கேயே நிறுத்திவைப்பார். எல்லோருக்கும் அவர் பாக்சிக், அதாவது மாமா. தினமும், "போய்ப் பார்" என்று செய்தி வந்ததும் அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வாராம். ஒரு நாள் அக்காவின் போனில் சார்ஜ் இல்லாமல் போக, எட்டு மணிக்கெல்லாம் அந்தப் பாக்சிக் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். "நான் இன்னும் பசியாறக்கூட இல்ல. செத்துட்டனான்னு பாக்க வந்தியான்னு நல்லா ஏசி விட்டுட்டேன்" என்றார்.

பில் விஷயத்தையும் அவரிடம் சொன்னேன். வேனை நிறுத்தப் போவதை மட்டும் சொல்லவில்லை. அவர் முப்பது வருஷம் செம்பனைத் தோட்டத்தில் கீழே உதிரும் பழம் பொறுக்கியவர். "எங்களுக்கு மூட்டைக்குத்தான் காசு. எவ்வளவு நடந்தாலும் அதுக்கு ஒன்னும் கிடையாது. உன் மிஷினு நடக்குறதுக்கெல்லாம் காசு கேக்குதா?" என்றார். ஆமாம் என்றேன். "சும்மா நின்னா?"

"நின்னா காசில்லக்கா. பதிலு தானா வந்து எழுப்புற வரைக்கும் படுத்துக் கெடந்தா ஒரு சென்னு கேக்க மாட்டாங்க. நாள் கணக்கா காத்திருக்கலாம்."

"பெரிய தாராளம்தான். அப்ப நிக்க வையேன்."

அவர் சொன்னதையே செய்தேன். எட்டிப் பார்ப்பதை எடுத்துவிட்டேன். மிஸ்ட் கால் வந்தால் அந்த நம்பரைப் பார்த்து, "வருகிறார்" என்று குறித்துக்கொள்ளச் சொன்னேன். அதுவரை மிஷின் சும்மா படுத்திருக்கும். அடுத்த மாதம் பில் ஒரு ரிங்கிட் சொச்சம். கமிட்டி வேனை நிறுத்தவில்லை. பாஸ் எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கி வந்தார். எட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அத்தோடு நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். முடியவில்லை. அந்த ஒரு ரிங்கிட் சொச்சம் என் கண்ணை உறுத்தியது. இன்னும் கொஞ்சம் குறைத்தால், மாதா மாதம் சும்மா தருகிறார்களே, அந்த அளவுக்குள் அடங்கிவிடும், பில்லில் பூஜ்யம் வரும். யாரும் என்னிடம் பூஜ்யம் கேட்கவில்லை. கமிட்டி கேட்கவில்லை, பாஸும் கேட்கவில்லை. என் கொழுப்புதான். எதை எடுக்கலாம் என்று பட்டியலைப் பார்த்தேன். இப்போது எல்லோரும் முதல் போனுக்கே மிஸ்ட் கால் கொடுத்துவிடுகிறார்கள், இனி மறுபடி மறுபடி போன் எதற்கு? எடுத்தேன். ஓட்டுநருக்கு, "போய்ப் பார்" என்று சொல்வது எதற்கு? அதையும் எடுத்தேன். பத்து மணிவரை மிஸ்ட் கால் இல்லையென்றால் அன்றைக்கு வரவில்லை என்று அர்த்தம். பட்டியலில் பேர் இருக்காது. பாஸிடம் காட்டினேன். "போலே," என்றார், ஆகட்டும் என்று. அந்த மாதம் பூஜ்யம் வந்தது. பில்லைத் திரையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்கடுத்த மாதம், ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணிவாக்கில் பாக்சிக் எனக்குப் போன் போட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது. அன்றைய பட்டியலில் அக்காவின் பேர் இல்லையாம். மற்ற இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர், அந்த அம்மா ஒரு நாளும் வராமல் இருந்ததில்லையே என்று வேனைத் திருப்பியிருக்கிறார். ஹாரன் அடித்தும் யாரும் வரவில்லை. பின்பக்கம் போய்க் கூப்பிட்டபோது குளியலறையிலிருந்து முனகல் கேட்டிருக்கிறது. கதவை உடைத்துத்தான் தூக்கினார்களாம். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது, ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோய்விட்டது.

போனை வைத்ததும் நான் பதிவைத் திறந்து பார்த்தேன். ஏழு மணிக்கு ஒரு போன் போயிருக்கிறது. பிறகு மூன்று மணிநேரம் மிஷின் காத்திருந்திருக்கிறது. பத்து மணிக்கு, "வரவில்லை". மொத்தம் நாலே ஸ்டெப். தப்பு என்று காட்டும் சிவப்பு எழுத்து ஒன்றுகூட இல்லை, எல்லாம் நான் எழுதியபடியே நடந்திருந்தது. எடுத்ததையெல்லாம் அப்போதே திரும்ப எழுதினேன். கால் மணிக்கு ஒரு போன், ஐந்து போன் முடிந்தால் பாக்சிக்குக்குச் செய்தி. எழுதி முடிக்க இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கேயே ரத்தம் கழுவியிருந்தார்கள். அக்கா கட்டிலில் சின்னதாகத் தெரிந்தார். என்னைப் பார்த்ததும், "பசியாறிட்டியா?" என்றார். நான் தலையாட்டினேன். உண்மையில் முந்தின நாளிலிருந்தே எதுவும் இறங்கவில்லை.

"ஏழு மணிக்கு முன்னுக்குத்தான் விழுந்தேன். எந்திரிக்க முடியல. போன் சமையக்கட்டு மேசையில கெடக்கு. கொஞ்ச நேரத்துல நீ அடிச்ச. சரி, வந்துட்டா, இனிமே ஒன்னும் இல்லன்னு நெனச்சேன். அஞ்சு தடவ அடிப்பா, நான் எடுக்கலன்னா பாக்சிக்க அனுப்பி வைப்பா, எட்டு மணிக்கு வந்து கதவத் தட்டுவார்னு கணக்குப் போட்டுக்கிட்டேன். அப்பத்தான் தாங்குச்சு." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "ரெண்டாவது தடவ அடிக்கவே இல்ல. லைன் சரியில்லையோன்னு பாத்தேன். அப்பறம் உனக்குத்தான் என்னமோ ஆயிருச்சோன்னு பயந்துட்டேன்."

சொல்லாமல் வந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதற்குக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

"நாந்தாங்க்கா நிறுத்துனேன். ரெண்டாவது தடவ அடிக்கிறத நாந்தான் எடுத்துட்டேன்."

"ஏன்?"

"அதுக்குக் காசு கேக்குறாங்கக்கா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார்.

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் விடவில்லை. "எவ்வளவு லா? சொல்லு."

"ஒரு மாசத்துக்கு, எல்லா வீட்டுக்கும் சேத்து, ஒரு கிளாஸ் தே தாரேக் காசுகூட வராதுக்கா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."