பீப்பாய்க்குக் குளிரும் என்று நினைத்தோம்

தோர்ண்டன் ஹீத்தில் யோகன் அண்ணையின் வீட்டுப் பின்வளவில், கடுங்குளிரில், பீர்ப் பீப்பாய் தனியே நிற்கிறது. கந்தசஷ்டி விரதம் தொடங்கிய அன்று அவர் மனைவி அதை வீட்டைவிட்டு வெளியேற்றினாராம். விரதம் முடிந்து இரண்டு வாரமாகியும் அண்ணை அதை உள்ளே எடுக்கவில்லை.

குழாயைத் திறக்கிறார். கிளாஸின் அடியிலிருந்து குமிழிகள் சரம் சரமாக ஏறுகின்றன. டொரொண்டோவிலிருந்து வந்திருக்கும் நான் நம்பாமல் பார்க்கிறேன்.

எண்பத்தைந்தில் நாங்கள் நாலு பேர் இதே நகரத்தில், லூயிஷாமில், ஒரே அறையில் இருந்தோம். அப்போதும் அண்ணைதான் பீர் காய்ச்சுவார். பீப்பாய்க்குக் குளிருமே என்று ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து, எங்களிடமிருந்த ஒரே கம்பளிப் போர்வையையும் அதற்குச் சுற்றிவிட்டு, நாங்கள் குளிருக்கு ஒட்டிக்கொண்டு படுத்தோம். குமிழி வருவதற்கு எவ்வளவு கேஸ் ஏற்றினாலும் திறந்தவுடன் நுரையாகச் சீறிப் போய்விடும். மிஞ்சியதைச் சப்பென்று குடித்துவிட்டு ஆளையாள் திட்டிக்கொள்வோம்.

"இப்ப கேஸ் கூட ஏத்திறீங்களோ, அண்ணை?"

"இல்லையடா, அதே அளவுதான். குளிர்ந்தாத்தான் பீர் கேஸை உள்ளுக்குப் பிடிச்சு வைச்சிருக்கும். சூட்டில என்னதான் அமத்தினாலும் நிக்காது. இவ வெளியில தள்ளின பிறகுதான் எனக்கே விளங்கினது."

கிளாஸ்களோடு உள்ளே வந்து ஹீட்டருக்கு முதுகைக் காட்டி உட்காருகிறோம். பீர் சுரீரென்று தொண்டையில் இறங்குகிறது.

"அப்ப அந்தப் போர்வையை நாங்களே போர்த்திருக்கலாம்," என்கிறேன்.

அண்ணை கிளாஸையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"போர்த்திருந்தா, நாலு பேரும் அப்பிடி ஒட்டிக்கொண்டு படுத்திருப்பமோ?"