இத்தா வீட்டுக்கு வந்த அமெரிக்கக் கதை

மூன்று வருடங்களுக்கு முன்பு, கிண்ணியாவில் எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்தது இது. அப்போது நான் இத்தாவில், கணவனை இழந்தவள் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் நாட்களில், இருந்தேன். கணவர் மவுத்தாகி ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது.

அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். காலையில் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போன மனிதர், நெஞ்சு வலிக்கிறதென்று பகல் ஆஸ்பத்திரிக்குப் போய், பின்னேர அசர் தொழுகைக்கு முன்னால் மையித்தாக, வெறும் உடலாக, வீட்டுக்கு வந்தார். இதைவிட விரித்துச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பில்லை.

என்னைப் படிக்கச் சேர்த்ததே அவர்தான். மகள் நடக்கத் தொடங்கிய வருடம், ஆங்கிலத்தில் வெளிவாரிப் பட்டப்படிப்பு. சனிக்கிழமைகளில் நகரத்தில், துறைமுகத்தைப் பார்த்த ஒரு மாடியில் வகுப்பு. கடைசி வருடத்துக்குத் தற்கால அமெரிக்க இலக்கியம் வந்தது. கோதுமை வயல், ஆளில்லாத பெருந்தெரு, முழங்கால் வரைக்கும் பனி. பிரிட்ஜுக்குள் மட்டும் ஐஸ் கண்ட நாங்கள், சுற்றாத மின்விசிறிக்குக் கீழே வியர்த்து ஒழுகிக்கொண்டு பனிப்புயல் படித்தோம். அந்தக் கதைகளில் எப்படியும் ஒருவர் செத்துப்போவார். வீட்டுக்கு வந்தால் என் மனிதர், “இண்டைக்கு அமெரிக்காவில ஆரு மவுத்து?” என்று கேட்டுச் சிரிப்பார்.

அந்தப் பாடத்தில் ஒரு சட்டம். ஒவ்வொருவரும் ஒரு கதையை எடுத்து, விரிவுரையாளரும் சக மாணவர்களும் இருக்கும்போது நேரில் பேச வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதைச் செய்யாதவர் இறுதிப் பரீட்சை எழுத முடியாது. என் பதிவுக்காலமும் அந்த வருடத்தோடு முடிகிறது. தவறவிட்டால் படித்ததெல்லாம் ஆற்றில் கரைத்த புளிதான். எனக்கோ நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள், பேச வேண்டிய நாளோ அது முடிவதற்கு முன்பே. இத்தா எனக்குப் பாரமாக இருக்கவில்லை, உண்மையைச் சொன்னால் அந்த நேரம் வெளி உலகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கையில் ஒரு பிள்ளை இருக்கிறது, நாளைக்கு ஒரு உத்தியோகம் வேண்டும்.

படிப்பை விடுகிறேன் என்று சொல்லத்தான் எங்கள் விரிவுரையாளருக்குப் போன் எடுத்தேன். சேர் கொஞ்சம் கடுகடுப்பான மனிதர். ஒன்லைனில் பேச விடுவார்களா என்று கேட்டதற்கு, “இல்லை, நேரில்தான்” என்று வைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அடுத்த நாள் அவரே எடுத்தார்.

“தங்கச்சி, நான் அந்தச் சட்டத்தைத் திருப்பி வாசிச்சுப் பாத்தனான். எங்கட முன்னால பேசவேணும் எண்டுதான் கிடக்கு. எந்த இடத்தில எண்டு இல்லை. நாங்கள் எல்லாரும் அங்க வந்தால் உங்கட வீட்டில ஏதும் குறையோ?”

என் நானா, கூடப்பிறந்த அண்ணன், பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டு வந்தார். திரைக்குப் பின்னால் இருந்து படிப்பு விசயம் கதைப்பதில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார். என்னைப் பெற்ற உம்மாவுக்கும் சம்மதம். கணவரின் தாயான மாமிதான் சம்மதிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் மாமி தோப்பூரில் தன் வீட்டில் இருந்தவர். ஒரே மகனின் மையித்துக்கு ஓடிவந்தவர், திரும்பிப் போகவில்லை. வந்த சனம் முழுக்க “சபூர் செய்யுங்க, பொறுமையா இருங்க” என்று சொன்னது. மாமி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பேச்சும் இல்லை. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு அறை மூலையில் இருப்பார். அவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அப்படிப்பட்டவர் அன்றைக்கு வாய் திறந்தார். “மவுத்து வீட்டில ஆம்பிளையள் வந்து குந்தி இங்கிலீசு கதைக்கிறதா? ஊரு என்ன சொல்லும்?”

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் மாமியிடம் அதைச் சொல்ல முடியுமா? உம்மாதான் ஏதேதோ கதைத்துச் சமாதானப்படுத்தினார். மாமி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை ஒரு வான் வண்டி வந்து நின்றது. சேர், இரண்டு ஆண்கள், மூன்று பெண்கள். அதில் ஒருத்தி சிங்களப் பிள்ளை. மரண வீடென்று தலை முதல் கால் வரை வெள்ளையில் வந்திருந்தாள். உள்ளே வந்து என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தாள். ஆண்கள் விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். வாசலில் நானா ஒரு கட்டில் விரிப்பைக் கட்டினார். பூப்போட்ட விரிப்பு. அதற்குப் பின்னால் நானும் பெண்களும்.

நான் எடுத்திருந்த கதை சின்னது. பனி கொட்டும் ஒரு சிறு ஊரில், ரயில் பாதையில் வேலை செய்த ஒருவர் இறந்துபோகிறார். அயலவர்கள் சில நாள் சாப்பாடு கொண்டுவருகிறார்கள், பிறகு வருவதில்லை. மனைவி மட்டும் தினமும் விடிய எழும்பி அவருடைய பகல் சாப்பாட்டுப் பெட்டியை நிரப்பி வாசலில் வைக்கிறாள். மறுநாளும் வைக்கிறாள். அவ்வளவுதான் கதை. அவள் அழுததாக ஒரு வரி கிடையாது.

நான் இதைத் தேர்ந்தெடுத்தது அவர் உயிரோடு இருந்தபோது. எழுத்து நடை பற்றி ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். முதல் பக்கம் வாசித்தேன். சாப்பாட்டுப் பெட்டி வந்த இடத்தில் அதற்கு மேல் வாசிக்க முடியாமல் தாள்களை மடித்து வைத்தேன். முடிந்தது என் படிப்பு என்று நினைத்தேன்.

“தங்கச்சி,” என்றார் சேர். இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. “முதல்ல கதையைத் தமிழில சொல்லுங்கோ. ஆருக்கோ சொல்லுற மாதிரி. இங்கிலீசைப் பிறகு பாப்பம்.”

சொன்னேன். பக்கத்து வீட்டில் நடந்த சங்கதியைப் போலச் சொன்னேன். அழுது அழுதுதான் சொன்னேன், ஆனால் முடித்தேன். முடித்ததும் குசினி வாசலில் இருந்து ஒரு குரல். மாமி.

“அப்ப அந்தச் சாப்பாட்ட ஆரு சாப்பிட்ட?”

விரிப்புக்கு அப்பால் இருந்து சேர் சொன்னார்: “அது கதையில இல்லை அம்மா. எழுதினவர் சொல்லேல்லை.”

மாமி அறைக்குள் போய், தோப்பூரில் இருந்து கொண்டுவந்த பையை அவிழ்த்து, ஒரு பால்மா டின்னை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். உள்ளே வறுத்த கச்சான், நிலக்கடலை.

“அவனுக்கெண்டு வறுத்த. அடுப்பில இருந்து இறக்கக்குள்ளதான் போன் வந்த. என்ன செய்யிறெண்டு தெரியாமக் கொண்டாந்துட்டன் மகள்.”

சொல்லிவிட்டு மாமி நிலத்தில் குந்தி அழுதார். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். உம்மா ஓடிவந்தார். சிங்களப் பிள்ளை மாமியின் முதுகைத் தடவினாள். அந்த அழுகைக்காக வீடே அத்தனை நாளும் காத்திருந்ததுபோல எனக்குப் பட்டது.

எழும்பியதும் மாமி முகத்தைத் துடைத்து, கச்சானை ஒரு தட்டில் கொட்டி நானாவிடம் நீட்டினார். “வெளிய இருக்கிற புள்ளையளுக்குக் குடுங்க.” தட்டு விரிப்புக்குக் கீழால் போனது. உள்ளுக்குள் எங்களுக்கும் ஒரு கை வந்தது. வறுத்து ஒன்றரை மாதமான கச்சான், காறல் அடித்தது. ஆனால் ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை. கடுகடுப்பான எங்கள் சேர் வெறும் தட்டை நீட்டி, “இன்னும் கொஞ்சம் இருக்கோ அம்மா?” என்று கேட்டாராம். நானா பிறகு சொன்னார்.

அதற்குப் பிறகு ஆங்கிலத்திலும் பேசினேன். கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன். அழுகையை எழுதாமல் விட்டவர் அந்த இடத்தை நமக்காகத்தான் விட்டிருக்கிறார் என்று சொன்னதாக ஞாபகம். பரீட்சை எழுதினேன், தேறினேன். இப்போது ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். மாமி எங்களோடுதான் இருக்கிறார். வாய்க்கு இப்போது ஓய்வே கிடையாது, என் சோறு குழைந்தால் தோப்பூர் வரைக்கும் கேட்கும்.

அந்த அமெரிக்கப் பெண் வைத்த சாப்பாட்டை யார் சாப்பிட்டார்கள் என்று கதையில் இன்றைக்கும் இல்லை. எங்கள் வீட்டில் அவருக்கென்று வறுத்ததை யார் சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்காக ஒவ்வொரு தொழுகையிலும் நான் துஆ கேட்கிறேன்.